அளவு தவறாத உடற்பயிற்சி உடை: சிறு தொழில் முனைவோருக்கு ஒரு பாடம்

ஒரு காலத்தில் விளையாட்டு வீரர்கள் மட்டுமே அணிந்த நீட்சித் துணி உடைகள் இன்று காலை நடைக்கும், யோகாசன வகுப்புக்கும், வீட்டிலிருந்தே பார்க்கும் அலுவலுக்கும் உரிய உடைகளாகிவிட்டன. லூதியானாவிலும் திருப்பூரிலும் தில்லியை அடுத்த நொய்டாவிலும் இவற்றைத் தைக்கும் சிறு கூடங்கள் உள்ளன. துணியை வாங்கி, கூலிக்குத் தைக்கக் கொடுத்து, தம் வணிகப் பெயரில் இணையவழி விற்போரும் உள்ளனர். இத்தொழிலுக்கு வருவோர் வடிவமைப்பிலும் விளம்பரத்திலும் செலுத்தும் கவனத்தை அளவில் செலுத்துவதில்லை. ஆனால் வாங்கியவர் உடையைத் திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் காரணமாவது அளவே. சென்ற முறை வாங்கிய ‘எம்’ பொருந்தியது, இம்முறை வாங்கிய ‘எம்’ இறுக்குகிறது என்னும் குறை ஒருமுறை எழுந்தால் அந்த வாடிக்கையாளர் மறுமுறை வருவது அரிது.

இக்கட்டுரையில் அளவு எவ்வாறு பிறழ்கிறது, எந்தக் கட்டத்தில் பிறழ்கிறது, குறைந்த செலவில் அதை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது என்பவற்றைக் காண்போம்.

பணம் எங்கே முடங்குகிறது?

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை; ஒவ்வொருவரும் தம் எண்களை இட்டுப் பார்க்கலாம். 1,000 லெக்கிங்ஸ் விற்கப்படுகின்றன. அவற்றுள் 150 அளவு பொருந்தாமல் திரும்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்துக் கட்டணமும், திரும்பியதைச் சரிபார்த்து மீண்டும் உறையிடும் செலவும் சேர்த்து 150 ரூபாய் எனில், 22,500 ரூபாய் திரும்ப வாராத செலவு. உற்பத்திச் செலவு ஒன்றுக்கு 350 ரூபாய் எனில், 52,500 ரூபாய் மதிப்புள்ள சரக்கு மறுபடியும் விலைபோகும் வரை அலமாரியில் முடங்கிக் கிடக்கும்.

நடைமுறை மூலதனக் கடன் பெற்றவர்களுக்கு இதில் மற்றொரு பாதிப்பும் உண்டு. வங்கிக்கு அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையில் விலைபோகாத பழஞ்சரக்கு பொதுவாகத் தகுதியுள்ள சரக்காகக் கொள்ளப்படுவதில்லை. தகுதியுள்ள சரக்கு குறைந்தால் கணக்கிலிருந்து எடுக்கத்தக்க தொகையும் குறையும். அடுத்த தொகுதிக்கு நூலோ துணியோ வாங்கவேண்டிய நேரத்தில் கை வறண்டுபோகும். ஆகவே அளவுச் சீர்மை என்பது தையற்கூடத்தின் கவலை மட்டுமன்று. கணக்குப் புத்தகத்தின் கவலையும் ஆகும்.

எழுத்துக்குப் பின்னால் மூன்று எண்கள்

‘எஸ்’, ‘எம்’, ‘எல்’ என்னும் எழுத்துகளுக்குத் தமக்கென ஒரு பொருள் இல்லை. அவற்றுக்குப் பொருள் தருபவை மூன்று எண்கள். முதலாவது, அந்த அளவு எந்த உடலுக்குரியது என்னும் உடலளவு. இரண்டாவது, தைத்து முடித்துத் துவைத்த பின் உடை இருக்கவேண்டிய அளவு. மூன்றாவது, அந்த அளவிலிருந்து எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்னும் பொறுதி வரம்பு. இம்மூன்றையும் எழுதி வைக்காமல் உற்பத்தியைத் தொடங்குவோர், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு புதிய ‘எம்’ செய்கின்றனர் என்றே கொள்ளவேண்டும்.

உடலளவை எங்கிருந்து பெறுவது? அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்வது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் ஒரு நாட்டு மக்களின் உடலமைப்பைக் கொண்டு வகுத்த அட்டவணை மற்றொரு நாட்டுக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. அமெரிக்காவில் 1939-40 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களின் உடல்களை அளந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதை ஒட்டி 1958 இல் பெண்கள் ஆடைக்கென ஒரு வணிகத் தரம் வெளியானது. காலப்போக்கில் அது நடைமுறைக்குப் பொருந்தாமல் போகவே 1983 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. முறையான ஆய்வில் பிறந்த அட்டவணையும் காலத்தால் பழையதாகும் என்பதற்கு இது சான்று.

நம் நாட்டில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட், ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் ‘இந்தியா சைஸ்’ என்னும் திட்டத்தை மேற்கொண்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங் ஆகிய ஆறு நகரங்களில், 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாணக் கருவிகளால் அளந்து, இந்தியர்க்கென ஓர் அளவு முறை வகுப்பதே அதன் நோக்கம். எந்த அட்டவணையை அடிப்படையாகக் கொண்டாலும், தம்மிடம் வாங்குவோருள் ஐம்பது பேரின் மார்பு, இடை, சீட், தொடை, உட்கால் நீளம் ஆகியவற்றை அவர்கள் இசைவுடன் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பது சிறு நிறுவனத்தாலும் இயலக்கூடியதே. பிட்டத்தின் மிக அகன்ற இடத்தில் எடுக்கும் சுற்றளவையே தையற்காரர் வழக்கப்படி ‘சீட்’ என்கிறோம்.

நீளும் துணியின் கணக்கு

சட்டையும் சாதாரணக் கால்சட்டையும் உடலளவைவிடப் பெரிதாகத் தைக்கப்படுகின்றன. உடலை ஒட்டி அணியும் உடற்பயிற்சி உடையோ உடலளவைவிடச் சிறிதாகத் தைக்கப்பட்டு, அணியும்போது நீண்டு பொருந்துகிறது. இதைச் செய்வது துணியிலுள்ள எலாஸ்டேன் இழை. 1958 இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இவ்விழை ஸ்பாண்டெக்ஸ் என்றும், லைக்ரா என்னும் வணிகப் பெயராலும் அறியப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ‘எம்’ அளவு 98 செ.மீ. சீட் உடைய உடலுக்கு என்று வைத்துக்கொள்வோம். நம் துணிக்கு 10 விழுக்காடு குறைத்துத் தைப்பது பொருந்தும் என்று மாதிரி உடையை அணிவித்துப் பார்த்து முடிவு செய்திருக்கிறோம். அப்படியானால் துவைத்த பின் உடையின் சீட் அளவு 88.2 செ.மீ. இருக்கவேண்டும். துணி துவைக்கும்போது அகலவாக்கில் 3 விழுக்காடு சுருங்குகிறது எனில், வெட்டுப் படிவத்தை 88.2ஐ 0.97 ஆல் வகுத்து, தையல் விளிம்பு நீங்கலாக ஏறத்தாழ 91 செ.மீ. ஆக வைக்கவேண்டும்.

அடுத்த தொகுதிக்கு வேறொரு துணி வருகிறது. பெயரும் நிறமும் விலையும் அதுவே. ஆனால் இது 6 விழுக்காடு சுருங்குகிறது. அதே 91 செ.மீ. படிவத்தில் வெட்டினால், முதல் துவைப்புக்குப் பின் உடை 85.5 செ.மீ. ஆகிவிடும். ‘எஸ்’ அளவுக்குரிய உடல் 93 செ.மீ. எனில் அதன் உடையளவு 83.7 செ.மீ. இப்போது ஒப்பிடுவோம்: இந்த உடை ‘எம்’ அளவிலிருந்து 2.7 செ.மீ. விலகியும், ‘எஸ்’ அளவிலிருந்து 1.8 செ.மீ. மட்டுமே விலகியும் நிற்கிறது. பட்டியில் ‘எம்’ என்று அச்சிட்டிருந்தாலும் வாங்கியவர் அணிவது ‘எஸ்’ஸுக்கு நெருங்கிய உடை. தைத்தவரிடம் பிழையில்லை, வெட்டியவரிடமும் பிழையில்லை. துணியைச் சோதிக்காமல் பழைய படிவத்தை விரித்ததே காரணம்.

துணி வந்தவுடன் நான்கு சோதனைகள்

சுருக்கச் சோதனை: ஒவ்வொரு சாயத் தொகுதியிலிருந்தும் துணி எடுத்து, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் 50 செ.மீ. இடைவெளியில் அழியாத மையால் குறியிட வேண்டும். வாங்குவோருக்குச் சொல்லும் முறையிலேயே துவைத்து உலர்த்தி, சில மணி நேரம் தட்டையாகக் கிடத்தி மீண்டும் அளக்கவேண்டும். 50 செ.மீ. 48.5 ஆனால் சுருக்கம் 3 விழுக்காடு. ஆய்வகச் சோதனைக்கு ஐ.எஸ்.ஓ. 6330, ஐ.எஸ்.ஓ. 5077 ஆகிய தர முறைகள் உள்ளன. பெரிய கொள்முதலாளர்கள் இவற்றின்படி அறிக்கை கேட்பதுண்டு.

எடைச் சோதனை: வட்ட வெட்டுக் கருவி 100 சதுர செ.மீ. பரப்புள்ள துண்டை வெட்டித் தரும். அதன் கிராம் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம் கிடைக்கும். 2.4 கிராம் எனில் 240 ஜிஎஸ்எம். எடை மாறினால் உடையின் இறுக்கமும் மாறக்கூடும்.

நீட்சிச் சோதனை: ஒரே அகலமும் நீளமும் உள்ள துண்டுகளை வெட்டி, ஒரே எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு நீள்கிறது என்று குறிக்கவேண்டும். முன்பு ஏற்ற துணி 10 செ.மீ.இலிருந்து 15 செ.மீ. வரை நீண்டிருக்க, புதிய துணி 13 செ.மீ. வரைதான் நீள்கிறது எனில், அளவுநாடாவில் இரு உடைகளும் ஒன்றாக இருந்தாலும் உடலில் ஒன்றாக இரா. இதை அளவுநாடாவால் மட்டும் கண்டறிய இயலாது என்பதால் இச்சோதனை இன்றியமையாதது.

மீட்சிச் சோதனை: எடையை நீக்கிய பின் துண்டு பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா என்று சிறிது நேரம் கழித்து அளக்கவேண்டும். மீளாத துணியில் தைத்த உடை சில முறை அணிந்ததும் முழங்காலில் தொங்கும்.

இவ்வேறுபாடுகள் ஏன் எழுகின்றன? பாலியெஸ்டர்-எலாஸ்டேன் துணியின் அளவைச் சாயக்கூடத்தில் நிலைப்படுத்துவது வெப்பம். ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் துணியைக் குறித்த அகலத்தில் பிடித்து நிலைநிறுத்துவர். வெப்பமோ நேரமோ குறைந்தால் துணி பின்னர் சுருங்கும். மிகுந்தால் எலாஸ்டேனின் மீட்சி வலு குன்றும். பருத்திப் பின்னலாடைத் துணியில் காம்பாக்டிங் செய்து சுருக்கத்தைக் குறைப்பது வழக்கம். பருத்தியில் நெடுநாள் பழகியவர்கள் செயற்கை இழைத் துணிக்கு மாறும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும். கறுப்புத் துணியும் வெளிர்நிறத் துணியும் வெவ்வேறு சாய முறைகளைக் கடந்து வருவதால், ஒரு நிறத்தின் சோதனையைக் கொண்டு மற்றொரு நிறத்தை வெட்டக்கூடாது. சுருக்கம் வேறுபட்டால் அந்தந்தத் தொகுதிக்குத் தனிப் படிவம் வைத்துக்கொள்வதே முறை.

துணி வாங்கும் ஆணையில் நிறமும் விலையும் மட்டும் எழுதாமல், அகலம், ஜிஎஸ்எம், எலாஸ்டேன் விழுக்காடு, ஏற்கத்தக்க சுருக்க வரம்பு ஆகியவற்றையும் எழுதவேண்டும். எழுத்தில் இல்லாத தரத்தைக் காட்டித் துணியைத் திருப்பி அனுப்ப இயலாது.

வெட்டும் இடமும் தைக்கும் இடமும்

துணி உருளையாகச் சுற்றப்படும்போது இழுபட்டிருக்கும். பிரித்தவுடன் வெட்டினால், வெட்டிய துண்டுகள் மேசையிலேயே சுருங்கும். ஆகவே உருளையைப் பிரித்து, இழுப்பில்லாமல் மடித்து, 24 மணி நேரமாவது ஓய்வாக வைப்பது நல்லது. விரிக்கும்போதும் இழுக்கக்கூடாது. வழுக்கும் துணியை மிகுதியான அடுக்குகளாக விரித்தால் மேலடுக்கும் கீழடுக்கும் வெவ்வேறு அளவாக வெட்டுப்படும். வெட்டிய பின் மேல், நடு, கீழ் அடுக்குகளிலிருந்து ஒவ்வொரு துண்டை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

தையலில் இரண்டு இடங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, ஓவர்லாக் இயந்திரத்தின் கத்தி. தையல் விளிம்பில் குறித்ததைவிட 2 மி.மீ. கூடுதலாக அது வெட்டினால், ஒரு தையலில் சேரும் இரு விளிம்புகளிலும் சேர்த்து 4 மி.மீ. போகும். சீட் பகுதியில் நான்கு தையல்கள் உள்ள உடையில் 16 மி.மீ., அதாவது 1.6 செ.மீ. குறையும். மற்றொன்று, இடைப்பட்டியின் எலாஸ்டிக். தைப்பவர் தம் கைப்பழக்கத்தில் இழுத்துத் தைத்தால் ஒவ்வொருவர் தைப்பதும் ஒவ்வோர் அளவாகும். எலாஸ்டிக்கை அளவு வாரியாக முன்னரே வெட்டி, இடைச் சுற்றை நான்காகப் பகுத்துக் குறியிட்டுத் தந்தால் இவ்வேறுபாடு பெரிதும் நீங்கும். கூலிக்குத் தைக்கக் கொடுப்போர் இவ்விரு குறிப்புகளையும் எழுத்தில் தருவது நலம்.

பொறுதி வரம்பை வகுத்தல்

நம் எடுத்துக்காட்டில் ‘எம்’ உடையின் சீட் 88.2, 103 செ.மீ. உடலுக்குரிய ‘எல்’ உடையின் சீட் 92.7. இரண்டுக்கும் இடையே 4.5 செ.மீ. 2.5 செ.மீ. வரை கூடவோ குறையவோ செய்யலாம் என்று விட்டால், பெரிய ‘எம்’ 90.7, சிறிய ‘எல்’ 90.2 ஆகும். ‘எம்’ ‘எல்’லைவிடப் பெரிதாகிவிடும். 1 செ.மீ. என்று வரையறுத்தால் ‘எம்’ 89.2ஐத் தாண்டாது, ‘எல்’ 91.7க்குக் கீழே இறங்காது. இரு அளவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டின் பாதியைவிடப் பொறுதி வரம்பு எப்போதும் குறைவாக இருக்கவேண்டும் என்பதே விதி. முன்னே கண்ட ஓவர்லாக் பிழையின் 1.6 செ.மீ. இந்த வரம்பை மீறுகிறது என்பதையும் கவனிக்கலாம்.

முடித்த உடைகளை எத்தனை அளப்பது? மாதிரிச் சோதனைக்கு இந்தியத் தர முறை ஐ.எஸ். 2500 வழி காட்டுகிறது. வழக்கமான பரிசோதனை நிலையில், 281 முதல் 500 வரையுள்ள தொகுதிக்கு 50 உடைகளை எடுக்கவேண்டும். ஏற்கத்தக்க தர எல்லை 2.5 எனில், குறையுள்ளவை 3 வரை இருந்தால் தொகுதியை ஏற்கலாம். 4 ஆனால் ஏற்கக்கூடாது. உடையைத் தட்டையாகக் கிடத்தி, இழுக்காமல், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளப்பது என்பதைப் படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் இருவர் அளந்தாலும் ஒரே எண் வரும். பழைய துணி அளவுநாடா காலப்போக்கில் நீண்டுவிடும். எஃகு அளவுகோலுடன் அதை அவ்வப்போது ஒப்பிடவேண்டும்.

அளவுநாடா சொல்லாததை உடல் சொல்லும். மாதிரி உடையை அணிந்தவர் குந்தி எழவேண்டும், குனியவேண்டும், கைகளை உயர்த்தவேண்டும். இடைப்பட்டி சரிகிறதா, துணி ஒளி ஊடுருவ மெலிகிறதா என்று பார்க்கவேண்டும். நடு அளவை மட்டும் சோதித்து நிறுத்தாமல், மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் அவ்வவ்வுடல் உடையோருக்கு அணிவித்துப் பார்க்கவேண்டும். உடல் பெருக்கும்போது எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் பெருப்பதில்லை.

திரும்பிவந்த உடைகள் சொல்லும் செய்தி

திரும்பிய ஒவ்வோர் உடைக்கும் அளவு, நிறம், தொகுதி எண், ‘சிறிது’ அல்லது ‘பெரிது’ என்னும் காரணம் ஆகிய நான்கையும் பதிவு செய்யவேண்டும். மாத இறுதியில் அப்பதிவேட்டைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் புலப்படும். குறை ஒரே நிறத்தில் குவிந்தால் துணியையும் சாயத்தையும் ஆராயவேண்டும். ஒரே அளவில் குவிந்தால் படிவத்தைப் பெரிதாக்கிய கணக்கைப் பார்க்கவேண்டும். எல்லா அளவுகளிலும் ‘சிறிது’ என்றே வந்தால், விற்பனைப் பக்கத்திலுள்ள அளவு அட்டவணை உடலளவைக் கூறுகிறதா உடையளவைக் கூறுகிறதா என்று சரிபார்க்கவேண்டும்; இவ்விரண்டையும் வாங்குவோர் குழப்பிக்கொள்வது இயல்பு. ஒரே அளவில் சிலர் ‘சிறிது’ என்றும் சிலர் ‘பெரிது’ என்றும் கூறினால், வெட்டிலோ தையலிலோ சீர்மை இல்லை என்று பொருள்.

பட்டியில் எழுத்துடன் செ.மீ. அளவையும் அச்சிடுவது வாங்குவோருக்கு உதவும். கடையில் உறையின்றி விற்கும் ஆடைகளுக்கு ‘எஸ்’, ‘எம்’, ‘எல்’ போன்ற குறியுடன் மெட்ரிக் அளவையும் காட்டவேண்டும் என்று 2022 இல் திருத்தப்பட்ட சட்டமுறை எடையளவு விதிகளும் கூறுகின்றன.

எங்கிருந்து தொடங்குவது?

இவை அனைத்தையும் ஒரே மாதத்தில் செய்யவேண்டியதில்லை. அதிகம் விற்கும் ஓர் உடையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் உடலளவு, உடையளவு, பொறுதி வரம்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, ஏற்றுக்கொண்ட மாதிரி உடையுடன் சேர்த்து முத்திரையிட்டு வைக்கவேண்டும். அடுத்த துணித் தொகுதி வந்ததும் நான்கு சோதனைகளையும் செய்து, முடிவை அத்தாளின் பின்புறம் குறிக்கவேண்டும். சிறிய தராசு, வட்ட வெட்டுக் கருவி, வீட்டுத் துவைப்பு இயந்திரம், எஃகு அளவுகோல் ஆகியவையே இதற்கு வேண்டிய கருவிகள். சோதனைக்கு ஓரிரு நாள் ஆகும். அதற்குரிய காலத்தை உற்பத்தி அட்டவணையில் முன்பே ஒதுக்கிவிட்டால், அவசரத்தில் அதைத் தவிர்க்கும் நிலை வராது.

புதிய இயந்திரத்துக்கோ கூடுதல் நடைமுறை மூலதனத்துக்கோ கடன் கேட்டு வரும்போது, விற்பனைக் கணக்குடன் திரும்பிய சரக்கின் கணக்கையும் கொண்டுவருவது பயனுள்ளது. விற்பனை பெருகத் திரும்புதல் குறைந்துவருகிறது என்று காட்டும் நிறுவனம், தன் உற்பத்தி தன் கட்டுக்குள் இருப்பதை எண்களாலேயே மெய்ப்பிக்கிறது.